விமான நிலையக் காவலை யாரிடம் விடுவது?

2024 அக்டோபரில், சபரிமலை சீசன் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு சின்ன உத்தரவு வந்தது. இருமுடியில் இருக்கும் தேங்காயைக் கைப்பையோடு விமானத்துக்குள் கொண்டுபோகலாம். ஆனால் எக்ஸ்ரேயில் பார்த்து, வெடிமருந்துத் தடயம் உண்டா என்று சோதித்து, கையாலும் தடவிப் பார்த்த பிறகுதான். 2025 ஜனவரி 20 வரை மட்டும் செல்லும். அந்த சீசனில் ஒருநாள் பாதுகாப்புச் சோதனை வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சாமி நின்றார். கறுப்பு வேட்டி, தலையில் இருமுடி. அதை ட்ரேயில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதே ட்ரேயில்தான் சற்று முன்பு ஒருவர் ஷூவைக் கழற்றி வைத்திருந்தார். சோதனைக்கு நின்றவர் மத்தியப் படையான சிஐஎஸ்எஃப் வீரர், வடநாட்டுக்காரர், தமிழ் தெரியாது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. வேறொரு ட்ரேயை எடுத்துத் தன் கைக்குட்டையால் ஒரு துடை துடைத்து நீட்டினார். இருமுடி உள்ளே போயிற்று, வெளியே வந்தது, ஒரு சிறு துணிப்பட்டையால் முடிச்சைச் சுற்றித் தடவி எந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று நிமிடத்தில் சாமி கிளம்பிவிட்டார்.

அந்த ஒரு தேங்காய்க்கு எத்தனை முதலாளிகள் என்று எண்ணிப் பாருங்கள். உத்தரவு போட்டது பிசிஏஎஸ் எனப்படும் விமானப் பாதுகாப்புப் பணியகம். அது விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சோதித்தவர் சிஐஎஸ்எஃப்; அவருக்குச் சம்பள உயர்வும் மாறுதலும் தருவது உள்துறை. எக்ஸ்ரே எந்திரம் நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் சொத்து. அதே தேங்காய் சரக்கறைக்குப் போகும் பெட்டிக்குள் இருந்திருந்தால், திரையில் பார்ப்பவர் நிலைய நிறுவனத்தின் ஆளோ ஏர்லைனின் ஆளோ ஆகியிருப்பார். இருமுடிக்குள் கூடாத ஏதாவது கிடைத்திருந்தால் சிஐஎஸ்எஃப் வழக்குப் பதிய முடியாது, மாநிலப் போலீஸை அழைத்து ஒப்படைக்க வேண்டும். சாமி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் கதை இன்னும் நீளும். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் குடியேற்றப் பணியகம் உளவுத்துறையின் கீழ், பெட்டியைத் திறக்கச் சொல்லும் சுங்கம் நிதி அமைச்சகத்தின் கீழ்.

விமான நிலையத்தில் எது நடந்தாலும் மறுநாள் எழும் கேள்வி ஒன்றுதான்: காவலை யாரிடம் விடுவது? மாநிலப் போலீஸா, மத்தியப் படையா, தனியாரா, இல்லை இதற்கென்றே புதிதாக ஒரு படையா? இந்த நான்கையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வழக்கமாகச் செலவையும் ஆள் எண்ணிக்கையையும் வைத்து ஒப்பிடுவார்கள். நான் இன்னொரு அளவுகோலையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒரு துறைக்குத் தெரிந்த விஷயம் அடுத்த துறைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது?

மாநிலப் போலீஸிலிருந்து தொடங்குவோம். 2000 வரை இந்திய விமான நிலையங்களில் நின்றவர்கள் அவர்கள்தான். மீனம்பாக்கத்திலும் அப்படித்தான். 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு போகும் ஏர் லங்கா விமானத்துக்குப் பெட்டிகளைப் பதிந்த ஒருவர் விமானம் ஏறாமல் போய்விட்டார். பெட்டி நிலையத்துக்குள்ளேயே நின்றது. குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கையும் வந்தது. எச்சரிக்கை வந்தும் பெட்டி வெளியே போகவில்லை. பதினொரு மணிக்குச் சற்று முன்பு அது வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏர்லைன், சுங்கம், போலீஸ், நிலைய நிர்வாகம் என்று எல்லாரும் அதே கூரையின் கீழ்தான் இருந்தார்கள். ஆள் வராத பெட்டியைத் தூக்கி வெளியே வைக்க வேண்டியது யார் என்பதற்கு மட்டும் ஒரே பதில் இல்லை.

பதினோரு மாதம்கூட ஆகவில்லை, அதே பாடத்தை இன்னும் பெரிய விலை கொடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா அயர்லாந்துக்கு அருகே கடலின்மேல் வெடித்துச் சிதறி 329 பேர் இறந்தார்கள். அங்கேயும் ஆள் ஏறாத ஒரு பெட்டிதான். டொரண்டோவில் பெட்டிகளைப் பார்த்த எக்ஸ்ரே எந்திரம் பாதியில் பழுதாகிவிட, மீதியைக் கையடக்கக் கருவியால் முகர்ந்து பார்த்தார்கள். அங்கே நின்றவர்கள் போலீஸ் அல்ல, தனியார் காவலர்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்த கனடா உளவு அமைப்பும் அந்த நாட்டின் மத்தியப் போலீஸும் தங்களுக்குத் தெரிந்ததை ஒருவருக்கொருவர் ஒழுங்காகச் சொல்லிக்கொள்ளவில்லை. சந்தேக நபர்களின் பேச்சைப் பதிந்த நாடாக்களை உளவு அமைப்பு அழித்தே விட்டது. இதையெல்லாம் நீதிபதி ஜான் மேஜர் தலைமையிலான விசாரணை ஆணையம் 2010-ல் விவரமாக எழுதியது, இருபத்தைந்து வருடம் கழித்து.

இரண்டிலும் காவல் வெவ்வேறு கையில் இருந்தது. ஓட்டை ஒன்றேதான். கனிஷ்காவுக்குப் பிறகுதான் பயணி ஏறாத பெட்டி பறக்கக் கூடாது என்ற விதி இறுகியது. 1978-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவுக்குள் ஒரு பிரிவாகப் பிறந்த பிசிஏஎஸ், 1987 ஏப்ரல் 1 அன்று தனித்துறை ஆனதும் அதன் விளைவுதான்.

மாநிலப் போலீஸை இதற்காகக் குறைத்துப் பேசவில்லை. அவர்களிடம் இருக்கும் ஒரு பலம் வேறு யாரிடமும் இல்லை: ஊர் தெரியும். ஓடுதளத்தின் கடைசியில் இருக்கும் சுவருக்கு அப்பால் எந்தத் தெரு, அந்தத் தெருவில் புதிதாகக் குடிவந்தது யார் என்பது உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டுக்குத் தெரியும், ஜார்க்கண்டிலிருந்து மாறுதலில் வந்தவருக்குத் தெரியாது. வழக்குப் பதியும் அதிகாரமும் அவர்களிடமே இருப்பதால் ஒப்படைக்கும் வேலை ஒன்று குறைகிறது. சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் உயிர்பெற்ற சேலம் போன்ற சிறிய நிலையங்களுக்குப் போலீஸையும் தீயணைப்பையும் இலவசமாகத் தர வேண்டியது மாநில அரசுதான் என்று திட்டமே சொல்கிறது. பலவீனம் எது என்றால், எக்ஸ்ரே திரை பார்ப்பது ஒரு தனித் தொழில். இன்று திரை முன் உட்கார்ந்தவரை நாளை தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டு போனால் அந்தத் தொழில் கைவராது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பழக்கம் என்று வேறு இருந்தது.

அப்புறம் 1999 டிசம்பர் 24. காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 கடத்தப்பட்டது. எரிபொருள் குறைந்து அமிர்தசரஸில் இறங்கி, ஐம்பது நிமிடத்துக்குள் மறுபடி பறந்துவிட்டது. இடைப்பட்ட நேரத்தில் டெல்லியில் நெருக்கடிக் குழு கூடியது, பஞ்சாப் போலீஸ் நிலையத்துக்குப் போனது, கமாண்டோக்களான என்எஸ்ஜி வந்து சேரவில்லை. விமானத்தை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி, யார் கட்டளையில் என்பதில்தான் நேரம் போயிற்று. எரிபொருள் லாரி வரத் தாமதமானதும் கடத்தல்காரர்கள் உஷாராகி விமானத்தை மேலே ஏற்றச் சொல்லிவிட்டார்கள். லாகூர், துபாய், கந்தஹார். ஒரு பயணி கொல்லப்பட்டார். ஆண்டின் கடைசி நாளில் மூன்று பயங்கரவாதிகளை விடுவித்து மற்றவர்களை மீட்டு வந்தார்கள்.

முடிந்து ஐந்தே வாரத்தில், 2000 பிப்ரவரி 3 அன்று, ஜெய்ப்பூர் விமான நிலையத்தில் போலீஸுக்குப் பதில் சிஐஎஸ்எஃப் நின்றது. அங்கே தொடங்கி ஒவ்வொன்றாக இன்று ஏறக்குறைய எழுபது நிலையங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. கடத்தல்காரர்கள் ஏறியது நேபாளத்தில். கோட்டை விட்டது அமிர்தசரஸில், அதுவும் துறைகளுக்கு நடுவே. நாம் மாற்றியதோ ஜெய்ப்பூர் வாசலில் நின்றவரின் சீருடையை! காத்மாண்டுவில் கிழிந்ததற்கு ஜெய்ப்பூரில் ஒட்டுப் போட்டோம். அந்த ஒட்டு வேறு வகையில் நன்றாகவே உழைத்தது என்பது தனிக் கதை.

உண்மையிலேயே நன்றாக உழைத்தது. நாடு முழுக்க ஒரே பயிற்சி, ஒரே கட்டளை வரிசை, எந்த ஊரில் போய் இறங்கினாலும் ஒரே மாதிரிச் சோதனை. எம்எல்ஏவின் மைத்துனர் வந்து ‘என்னைத் தெரியாதா’ என்றால், அவரைத் தெரியாத ஆள் அங்கே நிற்பதே ஒரு பாதுகாப்பு. மாநிலப் போலீஸின் பலம் என்று நான் மேலே சொன்ன அதே உள்ளூர்ப் பழக்கம், வாசலில் பலவீனமாகிவிடும். செலவைப் பயணியே தருகிறார். உங்கள் டிக்கெட்டின் விவரத்தைப் பிரித்துப் பார்த்தால் ஏஎஸ்எஃப் என்று ஒரு வரி இருக்கும். விமானப் பாதுகாப்புக் கட்டணம். 2021 ஏப்ரலிலிருந்து உள்நாட்டுப் பயணத்துக்கு 200 ரூபாய், வெளிநாட்டுக்கு 12 டாலர். 2019-ல் இதை 150 ரூபாயில் தொடங்கினார்கள். பணம் இதற்கென்றே அமைத்த ஓர் அறக்கட்டளைக்குப் போய், அங்கிருந்து காவல் செலவுக்குப் போகிறது. விமானம் ஏறாதவரின் வரிப்பணத்தில் இது நடக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த அம்சம்.

சிஐஎஸ்எஃப்பின் பிரச்சினை அதன் பெயரிலேயே இருக்கிறது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. 1969-ல் பொதுத்துறை ஆலைகளைக் காக்கப் பிறந்தது. அணு உலை, துறைமுகம், டெல்லி மெட்ரோ, 2024 முதல் நாடாளுமன்றம் என்று எல்லாவற்றுக்கும் அதே படை. திரையில் ஒரு சார்ஜர் வயரையும் சந்தேகத்துக்குரிய வயரையும் பிரித்துப் பார்க்கக் கண் பழகிய நேரத்தில் மாறுதல் உத்தரவு வரும், அனல்மின் நிலையத்துக்கு. இரண்டாவது, அவர் இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறார். எப்படிச் சோதிக்க வேண்டும் என்று சொல்வது விமானத்துறையின் பிசிஏஎஸ், அவர் தவறினால் நடவடிக்கை எடுப்பது உள்துறை. விதி எழுதியவருக்கும் விதியை நடத்துபவருக்கும் நடுவே ஒரு அமைச்சகச் சுவர் இருக்கிறது. இதில் நல்லதும் உண்டு; தன் ஆளையே தான் தணிக்கை செய்யும் அவலம் பிசிஏஎஸ்ஸுக்கு இல்லை.

சரி, தனியார்? இந்த வார்த்தையைக் கேட்டாலே நம் ஆட்களுக்கு ஏடிஎம் வாசலில் தூங்கும் தாத்தாதான் நினைவுக்கு வருவார். அமெரிக்கர்களுக்கும் 2001-க்கு முன் இருந்த நிலை ஏறக்குறைய அதுதான். சோதனையை ஏர்லைன்கள் ஏற்று, குறைந்த விலை கேட்ட நிறுவனத்துக்குக் கொடுத்தன. பெரிய நிலையங்கள் பலவற்றில் ஓராண்டுக்குள் வேலையை விட்டுப் போனவர்கள் நூறு சதவிகிதத்தைத் தாண்டினார்கள், அதாவது இருந்த இடங்களின் எண்ணிக்கையைவிட விட்டுப் போனவர்களின் எண்ணிக்கை அதிகம். இது அந்த நாட்டின் தணிக்கை அலுவலகம் 2000-ல் சொன்னது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 11.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. எல்லாரையும் அரசு ஊழியராக்கி டிஎஸ்ஏ என்ற அமைப்பை உருவாக்கியபோதும், சில நிலையங்களில் தனியாரைத் தொடர விட்டார்கள், டிஎஸ்ஏ சொல்லும் அதே விதியில், அதன் மேற்பார்வையில். சான் பிரான்சிஸ்கோ இன்றும் அப்படித்தான் ஓடுகிறது. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் அமெரிக்க அரசின் பல துறைகள் பட்ஜெட் சண்டையில் பூட்டிக் கிடந்தன. சம்பளம் வராத டிஎஸ்ஏ ஊழியர்கள் பத்தில் ஒருவர் விடுப்பு போட்ட நாளும் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுத்தார், வரிசை நகர்ந்தது. கனடாவும் 2002-ல் ஒரு அரசுக் கழகத்தை அமைத்து, அதன் கீழ் தனியார் ஆட்களை வைத்தது. விதியும் பயிற்சியும் கருவியும் அரசுடையது, கைகள் மட்டும் தனியாருடையவை.

இந்தியா இதில் பாதிவழி வந்திருக்கிறது. 2022-ல் ஐம்பது நிலையங்களில் 3,049 சிஐஎஸ்எஃப் இடங்களை நீக்கிவிட்டு 1,924 தனியார் காவலர்களை வைக்க முடிவானது. வரிசையை ஒழுங்குபடுத்துவது, வெளியேறும் வாசலில் நிற்பது போன்ற வேலைகள் அவர்களுக்கு. துப்பாக்கியும் உடல் சோதனையும் கைப்பை எக்ஸ்ரேயும் சிஐஎஸ்எஃப்பிடமே. இந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகப் படுகிறது. ‘இந்தப் பக்கம் வாங்க’ என்று கை காட்ட ஆயுதப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டியதில்லை. கவலை ஒன்று உண்டு. வெளியேறும் வாசலில் நிற்பவர் ஒரு பை அநாதையாகக் கிடப்பதைப் பார்க்கிறார் என்று வையுங்கள். அவரிடம் சிஐஎஸ்எஃப் வாக்கிடாக்கி இல்லை. அவருடைய சூப்பர்வைசரிடம் சொல்லி, அவர் நிலைய மேலாளரிடம் சொல்லி, அவர் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லி... அந்தச் சங்கிலியில் ஒருவர் டீ குடிக்கப் போயிருந்தால்? ஆள் மலிவாகக் கிடைத்தது, கண்ணி ஒன்று கூடியது.

ஒருமுறை நானே அப்படி ஒரு பையைப் பார்த்தேன். ஊர்ப்பெயர் வேண்டாம். சாம்பல் நிறத் தோள்பை, நாற்காலிக்கு அடியில், பக்கத்தில் யாரும் இல்லை. நடந்துபோன மூன்று சீருடைகளிடம் சொன்னேன். முதலாமவர் ஏர்லைன் ஆள், ‘செக்யூரிட்டியிடம் சொல்லுங்க சார்.’ இரண்டாமவர் தனியார் காவலர், அவர் போய்ப் பார்த்துவிட்டு பையின் அருகிலேயே நின்றுகொண்டு போனைத் தேடினார். மூன்றாமவர்தான் எல்லாரையும் விலக்கினார். அது ஒரு அம்மாவின் பை. பேரனைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போயிருந்தார். உள்ளே முறுக்கு டப்பா.

நான்காவது வழி, விமானத்துறைக்கென்றே தனிப்படை. இது பல ஆண்டுகளாக அவ்வப்போது தலைகாட்டும் யோசனை. காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது: மாறுதல் இல்லாத நிபுணர்கள், ஒரே அமைச்சகம். அமெரிக்க டிஎஸ்ஏ அதற்கு முழு அளவு மாதிரி. அந்த மாதிரியின் மதிப்பெண் என்ன? 2015-ல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆட்களே மாறுவேடத்தில் போலிக் குண்டும் ஆயுதமும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். 70 முயற்சியில் 67 உள்ளே போய்விட்டதாக அமெரிக்கத் தொலைக்காட்சி செய்தி வெளியிட்டது, தற்காலிகத் தலைவருடைய நாற்காலி போயிற்று. ஒரே கூரை, ஒரே சீருடை, ஒரே பட்ஜெட் எல்லாம் இருந்துதான் இந்த நிலை. நம் ஊரில் புதுப்படை என்றால் ஆள் எடுப்பு, பயிற்சிக் கல்லூரி, ஓய்வூதியம், பதவி உயர்வு வழக்குகள் என்று முதல் பத்து வருடம் அதற்கே சரியாகப் போய்விடும். இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் நேரம் செலவழிக்க எனக்கு விருப்பமில்லை.

இனி என் அளவுகோலுக்கு வருகிறேன். 2001 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறையிடம் சந்தேகத்துக்குரியவர்கள் என்று 60,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் இருந்தன. விமானத்துறையான எஃப்ஏஏவின் ‘ஏற்றாதே’ பட்டியலில் இருந்த பெயர்கள் பன்னிரண்டு. பின்னால் விமானத்தைக் கடத்திய இருவரின் பெயர் ஆகஸ்ட் கடைசியில் பெரிய பட்டியலில் ஏறியது, சின்னப் பட்டியலுக்கு வந்து சேரவில்லை. இதில் தனியார் காவலர் என்ன செய்திருக்க முடியும்? அவர் கையில் கொடுக்கப்படாத பெயரை அவர் எப்படிப் பிடிப்பார்? எட்டு வருடம் கழித்து, அத்தனை சீர்திருத்தத்துக்கும் பிறகு, 2009 கிறிஸ்துமஸ் அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் போன விமானத்தில் ஒருவன் உள்ளாடைக்குள் வெடிமருந்தோடு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அப்பாவே ஒரு மாதத்துக்கு முன் நைஜீரியாவில் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் ‘என் பையன் போக்கு சரியில்லை’ என்று சொல்லியிருந்தார். தகவல் இருந்தது. விசா ரத்தாகவில்லை. குண்டு சரியாக வெடிக்காததாலும் பக்கத்தில் இருந்தவர்கள் பாய்ந்து பிடித்ததாலும் விமானம் தப்பியது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க உடல் ஸ்கேனர் வாங்கினார்கள். ஜெய்ப்பூர் ஒட்டுப் போலவே.

நம் பக்கம், துறைகள் சேர்ந்து உட்காரும் ஒரு இடத்தை 2024 அக்டோபர் நன்றாகச் சோதித்தது. எக்ஸ் தளத்தில் யாரோ பெயர் தெரியாத கணக்கிலிருந்து விமான எண்ணைப் போட்டு ‘குண்டு’ என்று எழுதுவார்கள். அந்த ஒரு மாதத்தில் நூற்றுக்கணக்கில் வந்தன. ஒவ்வொன்றுக்கும் குண்டு மிரட்டல் மதிப்பீட்டுக் குழு கூட வேண்டும்: பிசிஏஎஸ், சிஐஎஸ்எஃப், மாநிலப் போலீஸ், உளவுத்துறை, ஏர்லைன், நிலைய நிர்வாகம். மிரட்டலை நம்ப வேண்டியதா, வேண்டாததா என்று அங்கேயே முடிவு சொல்ல வேண்டும். விமான எண் குறிப்பிட்டிருந்தால் நம்ப வேண்டியது என்ற பழைய கணக்கில், அக்டோபர் 15 அன்று மதுரையிலிருந்து சிங்கப்பூர் போன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தை சிங்கப்பூரின் இரண்டு எஃப்-15 போர் விமானங்கள் மக்கள் வசிக்கும் பகுதிக்கு மேல் பறக்காமல் ஓரம்கட்டி அழைத்துப் போய் இறக்கின. அதே நாளில் டெல்லி–சிகாகோ விமானம் கனடாவின் வடகோடியில், இக்காலூயிட் என்ற சின்ன ஊரில் இறங்கியது. பயணிகளைக் கனடா விமானப்படை ஏற்றிக்கொண்டு போய்ச் சிகாகோவில் விட்டது. எல்லாம் புரளி. பிறகுதான் பிசிஏஎஸ் மதிப்பிடும் முறையைத் திருத்தியது, எழுதிய கணக்கு எது, ஒரே நேரத்தில் எத்தனை விமானத்துக்கு எழுதியிருக்கிறது என்பதையெல்லாம் பார்க்கும்படி.

அந்தக் குழு நன்றாகச் செயல்பட்டதா இல்லையா என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அப்படி ஒரு மேசை இருந்தது, அதைச் சுற்றி உட்கார வேண்டியவர்கள் யார் என்று முன்பே எழுதப்பட்டிருந்தது, முடிவு நிமிடக் கணக்கில் வந்தது. அமிர்தசரஸில் தேவைப்பட்டது இதுதான். ஆனால் இந்த மேசை மிரட்டல் வரும்போதுதான் போடப்படுகிறது. மற்ற நாட்களில்? ஒவ்வொரு நிலையத்திலும் பாதுகாப்புக் குழு என்று ஒன்று உண்டு, கூட்டமும் நடக்கிறது. ஆனால் சுங்கத்துக்காரரும் போலீஸ்காரரும் அங்கே ஒத்துக்கொண்டதைத் தங்கள் மேலதிகாரி மறுத்துவிட்டால் அவ்வளவுதான்.

பிரிட்டன் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறது, அதுதான் நான் பார்த்தவற்றில் உருப்படியானது. அங்கே பயணிகளைச் சோதிப்பது நிலைய நிறுவனத்தின் ஆட்கள், விதி அரசுடையது. இந்தப் பகுதி மேலே பார்த்த வழிகளைப் போன்றதுதான். 2009-ல் வந்த காவல், குற்றச் சட்டத்தில் விமான நிலையத்துக்கென்று ஒரு பகுதி சேர்த்தார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் இரண்டு குழுக்கள். ஒன்று ஆபத்து என்னென்ன என்று எழுதும். அடுத்தது அந்த எழுத்தை வைத்து யார் எதைச் செய்வது என்று பாதுகாப்புத் திட்டம் போடும். போலீஸ், நிலைய நிறுவனம், ஏர்லைன் எல்லாரும் ஒத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும், போலீஸ் செலவை யார் தருவது என்பது உட்பட. ஒத்துவரவில்லை என்றால் சண்டை அமைச்சரிடம் போகும், அவர் தீர்த்துவைப்பார். அதாவது, ‘அது என் வேலை இல்லை’ என்ற வாக்கியத்தை முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

இதுவும் மந்திரக்கோல் இல்லை. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் நிலையத்தில் ட்ரோன் பார்த்ததாக ஒருவர் சொல்ல, ஓடுதளத்தை மூடினார்கள். கிறிஸ்துமஸ் கூட்டம். ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள், 1.4 லட்சம் பயணிகள். நிலையம், சசெக்ஸ் போலீஸ், கடைசியில் ராணுவம் என்று எல்லாரும் வந்தார்கள். திட்டக் காகிதத்தில் எழுதாத ஒன்று வானத்தில் வந்தால் குழு இருந்தும் திணறத்தான் செய்யும்.

என்னைக் கேட்டால், பெரிய நிலையங்களில் சிஐஎஸ்எஃப் இருக்கட்டும். மாற்ற வேண்டியது மாறுதல் கொள்கை. எக்ஸ்ரே படித்தவர் குறைந்தது ஏழெட்டு வருடம் விமான நிலையங்களுக்குள்ளேயே சுற்றும்படி ஒரு தனிப் பிரிவாக வைத்தால், தனிப்படையின் லாபத்தில் பாதி செலவில்லாமல் கிடைக்கும். தனியாரை இப்போதிருக்கும் எல்லையில் நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் கட்டுப்பாட்டு அறைக்கு நேராகப் பேசும் வாக்கிடாக்கி கொடுக்க வேண்டும். அதற்குக் காசு இல்லை என்றால் அந்த ஆளை வைக்கவே வேண்டாம். நாளைக்கு இரண்டு மூன்று விமானம் வரும் சிறிய நிலையத்துக்கு ஒரு மத்தியப் படைப்பிரிவை அனுப்பி, அதற்குக் குடியிருப்பு கட்டிக்கொண்டிருப்பது வீண். அங்கே மாநிலப் போலீஸ் போதும், பிசிஏஎஸ் தேர்வில் தேறியவர்களாக இருந்தால், திருவிழா பந்தோபஸ்துக்கு இழுக்க மாட்டோம் என்று எஸ்பி கையெழுத்திட்டுக் கொடுத்தால்.

அதையெல்லாம்விட முதலில் செய்ய வேண்டியது பிரிட்டன் காகிதம். 1934-ன் பழைய விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. புதுச் சட்டத்தின் சூடு ஆறுவதற்குள், நிலையத்துக்கு ஒன்றாக எல்லாத் துறையும் கையெழுத்திட்ட ஒரு பாதுகாப்புத் திட்டத்தைக் கட்டாயமாக்கலாம். சுங்கம், குடியேற்றம், போலீஸ் உட்பட எல்லாரும்.

ஒப்பந்தம் வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் வழி இருக்கிறது. விமானக் கடத்தல் ஒத்திகை நம் நிலையங்களில் இப்போதும் நடக்கிறது. தேதி முன்பே தெரியும், இஸ்திரி போட்ட சீருடையில் எல்லாரும் நேரத்துக்கு முன்பே வந்து நிற்பார்கள், மறுநாள் பேப்பரில் படம் வரும். அதை யாருக்கும் சொல்லாமல் ஒரு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு வைக்கட்டும். ஒரு ஆள் கடிகாரத்தோடு கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, யார் யாருக்கு எத்தனை மணிக்கு போன் போட்டார், எதிர்முனையில் எத்தனையாவது மணியடிப்பில் எடுத்தார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொண்டே வரட்டும்.